தூரிகையைத் தேடி வேலை வருமா?

இறக்குவானைப் பக்கத்தில் இரத்தினக்கல் வாங்குவோர் கல்லைப் பார்க்கும் முறையை அறியாதார் இலர். கல்லை விரலிடுக்கிற் பற்றி வெளிச்சத்துக்கு நேரே உயர்த்துவர். திருப்பித் திருப்பிப் பார்ப்பர். உள்ளே முறிவு உண்டா, நிறம் எங்கும் ஒத்திருக்கிறதா என்று ஆராய்வர். அருகில் நிற்பவரிடம் கொடுத்து அவருடைய முகக்குறிப்பையும் கவனிப்பர். இவ்வளவும் ஆனபின்னரே விலைப்பேச்சுத் தொடங்கும். கையில் இருக்கும் பொருளுக்கே இத்துணைச் சோதனையானால், இன்னும் பிறவாத பொருளுக்கு எத்துணைச் சோதனை வேண்டும்?

இணையத்தின் வழியே சித்திர வேலை தேடும் நம் இளைஞரும் யுவதிகளும் முதலிற் சிந்திக்க வேண்டியது இதனையே. டொரொன்டோவிலோ லண்டனிலோ வாழும் ஒருவர், தாம் ஒருபோதும் கண்டறியாத ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு, இனிமேல்தான் வரையப்பட இருக்கும் ஒரு படத்துக்காகப் பணம் அனுப்ப வேண்டும். கல்லையாவது வெளிச்சத்திற் பிடித்துப் பார்க்கலாம். வரையாத படத்தை எங்கே பிடித்துப் பார்ப்பது? ஆகவே அவர் அஞ்சுகிறார். படம் வருமா, சொன்ன நாளில் வருமா, முகம் ஒத்திருக்குமா, பணம் போய்விடுமா என்று பலவாறு அஞ்சுகிறார். அந்த அச்சத்தைப் போக்கத் தெரிந்தவருக்கு வேலை வருகிறது. தெரியாதவரோ, கை எவ்வளவு நேர்த்தியானதாயினும், "அருமை, அருமை" என்ற பாராட்டுரைகளோடு நின்றுவிடுகிறார். பாராட்டு வேறு, ஓடர் வேறு.

இத்தகைய வேலையை இணையத்துச் சித்திரக்காரர் "கமிஷன்" என்கின்றனர். நம்மூரில் கமிஷன் என்றால் கல் தரகர் பெறும் கூலி என்றே பொருள்படும். அதனால் குழப்பம் வராதிருக்க, நாம் இக்கட்டுரையில் ஓடர் என்றே எழுதுகிறோம். ஒருவர் கேட்டுக்கொண்டபடி, அவருக்கென்றே, கூலி பேசி வரைந்து கொடுக்கும் படம் என்பதே அதன் கருத்து.

இது வீண் பொழுதுபோக்குப் பேச்சு அன்று. பெருந்தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயாகவும், 2024இல் 1,350 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டது. அதே 2024இல் ஓர் அமெரிக்க டொலர் முந்நூறு ரூபாயை அண்டியிருந்தது. அந்தக் கணக்குப்படி, பத்து டொலருக்கு ஒரு சிறு முகப்படம் வரைந்து கொடுத்த பிள்ளை, தாயார் மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று பெற்ற இரண்டு பேருக்கு மேலாகவே ஈட்டியது. மாதம் நான்கு படம் என்றால் பிரத்தியேக வகுப்புக்கும் புத்தகத்துக்கும் போதுமான பணம். கைப்பேசி அநேகமாக வீட்டில் இருக்கிறது. ஐபிஸ் பெயின்ற் போன்ற செயலிகள் அதிலேயே இயங்கும். கணினி வாய்த்தவர்க்குக் கிரிற்றா என்னும் செயலி இலவசமாகவே கிடைக்கிறது. ஆகவே குறை கருவியில் இல்லை. நம்மை நம்பிக் கேட்பார் இல்லாமையே குறை.

இனி, ஓய்வு வேளையில் வரைபவர் ஒருவரை அந்நியர் எவ்வாறு நம்புகின்றனர் என்பதற்குப் பிரான்ஸ் தேசத்து உதாரணம் ஒன்று உண்டு. ஹென்றி ரூசோ என்பவர் 1844இற் பிறந்தவர். பாரிஸ் நகரத்துச் சுங்கச் சாவடியிற் சாதாரண உத்தியோகம். ஓவியப் பள்ளி எதிலும் பயின்றவர் அல்லர். 1884ஆம் ஆண்டில் அந்நகரத்துச் சுயேச்சை ஓவியர்கள் கூடி ஒரு காட்சியைத் தொடங்கினர். அதில் நடுவர் இல்லை, பரிசும் இல்லை. விரும்பியவர் தம் படத்தைக் கொண்டுவந்து மாட்டலாம். இன்றைய இணையத்துச் சித்திரக் கூட்டங்களுக்கு அதனைப் பாட்டன் என்று சொன்னால் மிகையாகாது. 1886இல் ரூசோ தம் படங்களை அங்கே கொண்டுசென்றார். கண்டவர் நகைத்தனர், பத்திரிகைகளும் நகைத்தன. அவரோ அந்த விமர்சனங்களை வெட்டி ஒரு புத்தகத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு, அநேகமாக ஆண்டுதோறும் படங்களைக் கொண்டுசென்று வந்தார். 1893இல் உத்தியோகத்தையும் விட்டுவிட்டார்.

அவருக்குக் கிடைத்த மிகப் பெரிய ஓடர் விளம்பரத்தால் வந்ததன்று. அக்கூட்டத்தில் அறிமுகமான இளம் ஓவியர் ரொபேர்ட் டெலோனே அவரிடம் அன்பு பூண்டார். அந்த இளைஞரின் தாயாரே 1907இல் ரூசோவிடம் ஒரு பெரும் படத்தை வரையச் சொன்னவர். அவ்வம்மையார் இந்தியாவுக்குச் சென்று வந்து சொன்ன கதைகளே அப்படத்துக்குத் தூண்டுகோல் என்பர். நிலவொளியிற் குழல் ஊதும் பாம்பாட்டியைக் காட்டும் அந்த ஓவியம் இன்று பாரிஸ் ஓர்ஸே அரும்பொருட் காட்சிச்சாலையில் இருக்கிறது. இருபது ஆண்டு ஓரிடத்தில் விடாது முகம் காட்டியதும், சக ஓவியர் ஒருவரின் நட்புமே அந்த ஓடரைக் கொணர்ந்தன. வாங்கியவர் முன்பின் அறியாதவர் அல்லர், அறிந்தவரின் தாயார். ஓடர்கள் பெரும்பாலும் இவ்வாறே வருகின்றன. நேரே வருவதில்லை, ஒருவரைக் கடந்து வருகின்றன.

நம் நாட்டிலும் உதாரணங்கள் உண்டு. கொழும்பில் 1943இல் தோன்றிய "நாற்பத்து மூன்று குழு"வின் மூலவர்களுள் ஒருவரான ஜோர்ஜ் கிளாஸன் கொழும்புத் துறைமுகத்தில் வரைபடக்காரராக இருந்தவர். ஓவியத்தைத் தாமே கற்றுக்கொண்டவர். யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை அவர்கள் 1938இல் வின்ஸர் கலைக்கழகத்தை அமைத்தார். பின்னர், குருநகரிற் பிறந்த ஓவியர் மாற்கு (1933–2000) விடுமுறைக்கால ஓவியர் கழகம் என்ற பெயரிலேயே ஒன்றை நடத்தினார். விடுமுறையில் வரைபவர்களுக்கென்று ஒரு கழகம்! பெயரே எவ்வளவு பொருத்தம் பாருங்கள். இவர்கள் ஓடர் தேடிக் கூடியவர்கள் அல்லர் என்பது மெய். ஆயினும் தனியே வரைபவர் ஒருவர் கூட்டத்திற் சேர்ந்த பின்னரே பிறர் கண்ணிற் படுகிறார் என்பதற்கு இவர்கள் சான்று.

இறக்குவானையில் அத்தகைய கழகம் ஒன்று இல்லாவிடினும், 2000ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற டிவியன்ட்ஆர்ட் முதலாக, முகநூற் குழுக்கள், இன்ஸ்டகிராம், டிஸ்கோர்ட் ஈறாக எத்தனையோ கூட்டங்கள் கைப்பேசிக்குள் இருக்கின்றன. அங்கே நம்மவர் சிலர் நடந்துகொள்ளும் முறைதான் சரியில்லை. குழுவிற் சேர்ந்த முதல் நாளே "ஓடர் எடுக்கிறேன், குறைந்த விலை" என்று அறிவித்தல் போடுகின்றனர். மறுநாளும் அதே அறிவித்தல். மூன்றாம் நாள் குழுவை நடத்துவோர் விலக்கிவிடுகின்றனர். கலியாண வீட்டுக்குள் புகுந்து, மணமக்களை வாழ்த்தாமல், கடையின் விலைப்பட்டியலை நீட்டுவது போன்ற செய்கை அன்றோ இது?

செய்ய வேண்டியது வேறு. பிறருடைய படங்களை நின்று பார்த்து, "அழகு" என்ற ஒரு சொல்லோடு போகாமல், எது அழகு என்று எழுத வேண்டும். "சேலை மடிப்பில் நிழலை நீலமாக வைத்தது நன்றாக இருக்கிறது" என்று எழுதினால், எழுதியவர் யார் என்று பார்க்க அவர் கட்டாயம் வருவார். ஒருவர் படத்தை மற்றவர் தம் பாணியில் வரைந்து மாற்றிக்கொள்ளும் வழக்கமும் அங்கே உண்டு. அதிற் பணம் இல்லையாயினும் பழக்கம் வளர்கிறது. 2009இல் அமெரிக்க ஓவியர் ஜேக் பார்க்கர் தொடங்கிய "இங்க்டோபர்" என்ற வழக்கப்படி ஒக்டோபர் மாதத்து முப்பத்தொரு நாளும் நாளுக்கொரு மைச்சித்திரம் வரைவோர் உலகெங்கும் உளர். முப்பத்தொரு நாளும் தவறாது வரைந்தவரின் பக்கத்தைப் பார்ப்பவர்க்கு, "இவர் சொன்னதைச் செய்து முடிப்பவர்" என்ற எண்ணம் சொல்லாமலே உண்டாகும். அச்சத்தைப் போக்கும் முதல் மருந்து அதுவே.

அடுத்தது மாதிரிப் படங்கள். இதில் ஒரு சிறு சூட்சுமம் உண்டு. எதைக் காட்டுகிறோமோ அதையே மக்கள் கேட்பர். மலையும் அருவியும் வரைந்து நிரப்பிய பக்கத்தில் எவரும் தம் குழந்தையின் முகத்தை வரையச் சொல்லமாட்டார். அவருக்கு அந்த எண்ணமே தோன்றாது. பிரசித்தமான சினிமா நடிகரின் முகத்தை ஐம்பது தடவை வரைந்து ஆயிரம் விருப்பங்களைப் பெற்றவர்க்கு ஓர் ஓடரும் வராதிருப்பதன் காரணமும் இதுவே. அந்த ஆயிரம் பேரும் நடிகருக்கு அன்பர், ஓவியருக்கு அல்லர். ஆறு படம் போதும். எந்த வகை வேலை வேண்டுமென்று விரும்புகிறோமோ அந்த வகையிலேயே, அரைகுறையாக அன்றி முற்றும் முடித்த ஆறு படம்.

எந்த வகைக்குத் தேவை இருக்கிறது என்ற வினா எழும். வெளிநாட்டார் பலர், 1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற கற்பனை விளையாட்டுகளில் தாம் ஏற்ற பாத்திரத்தின் உருவை வரையச் சொல்கின்றனர். இணையத்துச் சித்திரக் கூட்டங்களில் இவ்வகை ஓடர் மிகுதி. வளர்ப்பு நாயையும் பூனையையும் வரையச் சொல்வோரும் பலர். ஆயினும் நம் பிள்ளைகளுக்கு வேறு யாருக்கும் இல்லாத ஒரு வாய்ப்பு இருக்கிறது என்பது நமது அபிப்பிராயம். தோட்டத்திற் பிறந்து கொழும்புக்கும் பிற தேசங்களுக்கும் சென்றவர் எத்தனையோ பேர். அவர்களில் எத்தனை வீடுகளில் அப்பாயியின் படம் இருக்கிறது? அடையாள அட்டைக்காக எடுத்த, தபால்தலை அளவான, மங்கிப்போன ஒரு புகைப்படமே எஞ்சியிருக்கும் குடும்பங்கள் உண்டு. அந்த முகத்தைப் பெரிதாக்கி, மூக்குத்தியும் கொழுந்துக் கூடையுமாக, பின்னணியில் லயமும் தேயிலை மலையுமாக வரைந்து கொடுக்க யாரால் முடியும்? கூடையின் கயிறு தலையில் எங்கே பதியும், படங்குச் சாக்கு இடுப்பில் எப்படிச் சுற்றியிருக்கும் என்பவை நம் பிள்ளைகளுக்கு நாளும் கண்ட காட்சி. மற்றையோர் படத்தைப் பார்த்துத்தான் வரைய வேண்டும். முதற் படத்தைத் தம் சொந்தப் பாட்டியாருக்கே வரைந்து, பழைய புகைப்படத்தையும் புதிய சித்திரத்தையும் பக்கத்திற் பக்கமாக வைத்துக் காட்டினால், அதனைவிடச் சிறந்த விளம்பரம் வேறில்லை.

இனி உடன்படிக்கை. வரைபவருக்கும் வரையச் சொல்பவருக்கும் இடையில் எழும் பூசல்கள் புதியன அல்ல. 1485ஆம் ஆண்டு ஒக்டோபர் 23ஆம் தேதி, இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்து அநாதைக் குழந்தைகள் காப்பகத்தின் தலைவர், கிர்லாந்தாயோ என்ற ஓவியரோடு எழுதிக்கொண்ட ஒப்பந்தம் இன்றும் கிடைக்கிறது. கூலி 115 பொற்காசு. மாதம் மூன்று காசாகத் தரப்படும். முப்பது மாதத்துக்குள் படம் முடிய வேண்டும். பயன்படுத்தும் நீலச் சாயம் அவுன்ஸ் நான்கு காசு பெறுமதியுடையதாக இருக்க வேண்டும். இந்த நிபந்தனைகளை ஊன்றிப் பார்த்தால் வாங்குவோரின் அச்சம் ஒவ்வொன்றும் புலனாகும். நாள் கடத்திவிடுவாரோ, மலிவுச் சாயத்தைப் பூசிவிடுவாரோ என்ற ஐயங்கள் ஐந்நூறு ஆண்டுக்கு முன்னும் இருந்தன. எழுதி வைத்தமையால் இருவரும் நிம்மதியாக இருந்தனர். 1488ஆம் ஆண்டிட்ட அந்தப் படம் அக்காப்பகத்தின் காட்சிச்சாலையிலேயே இன்றும் இருக்கிறது.

நம் பிள்ளைகள் இத்தகைய ஒப்பந்தத்துக்கு நொத்தாரிசைத் தேடிப் போக வேண்டியதில்லை. தம் பக்கத்தின் தலைப்பிலேயே நான்கு வரி எழுதி வைத்தாற் போதும். உதாரணமாக: "முகம் மாத்திரம் இன்ன விலை, இடுப்புவரை இன்ன விலை, முழு உருவம் இன்ன விலை. இன்னோர் ஆள் சேர்ந்தால் இவ்வளவு கூடுதல். பாதிப் பணம் முதலில். மீதி, படத்தைச் சிறிய அளவிற் காட்டிய பின். பென்சில் நிலையில் இரண்டு தடவை திருத்தித் தரப்படும். வர்ணம் இட்ட பின் பெரிய மாற்றம் செய்தால் தனிக் கூலி. பதினான்கு நாளில் முடியும்." இதனைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுக. "விலைக்கு உட்பெட்டியிற் கேளுங்கள்" என்று எழுதுவது பெரும் தவறு. கேட்கக் கூச்சப்படுவோர் பலர். கேட்டபின் விலை கூடுதலாயின் மறுப்பதற்கும் கூச்சப்படுவர். ஆதலின் கேட்காமலே போய்விடுவர்.

முகம், பாதி, முழுமை என்ற இந்தப் பாகுபாடு இன்றைய இணையத்தார் கண்டுபிடித்ததன்று. இங்கிலாந்தின் பேர்போன உருவப்பட ஓவியர் ஜோஷுவா ரெனோல்ட்ஸ் 1764இல் முகத்துக்கு 30 கினி, பாதி உருவத்துக்கு 70, முழு உருவத்துக்கு 150 என்று வைத்திருந்தார். 1782 அளவில் அவை 50, 100, 200 ஆகிவிட்டன. பாதிப் பணத்தை முதலிலேயே பெறுவது அவருடைய வழக்கம். இவ்வளவு பெரியவரே முன்பணம் கேட்டார் என்பதை, கேட்கத் தயங்கும் நம் பிள்ளைகள் நினைவில் வைக்கலாம். புகழ் வளர வளர விலையைப் படிப்படியாக உயர்த்தினார் என்பதும் கவனிக்கத்தக்கது.

விலை நிர்ணயிப்பதில் நம்மவர் பெரும்பாலும் ஒரு பக்கமாகவே சறுக்குகின்றனர். மலிவாகக் கொடுத்தால் ஓடர் குவியும் என்று எண்ணி, பன்னிரண்டு மணி நேரம் வரையும் படத்தை ஐந்து டொலருக்கு ஏற்றுக்கொள்கின்றனர். கணக்கைப் பாருங்கள். முந்நூறு வீதம் ஐந்து டொலர் 1,500 ரூபாய்; பன்னிரண்டால் வகுத்தால் மணிக்கு 125. ஒரு பேருக்கு எட்டு மணி நேரம் என்று கொண்டால், 2024இன் 1,350 ரூபாய்ச் சம்பளத்திலேயே மணிக்கு 170 ரூபாய் அளவிற் கிடைத்தது. மேசையில் இருந்து சித்திரம் எழுதுபவர், மலையில் கொழுந்து பறிப்பவரைவிடக் குறைந்த கூலிக்கு உழைக்கிறார்! போதாக்குறைக்கு, மிக மலிந்த விலையே வாங்குவோரின் ஐயத்தைக் கிளப்பிவிடும். நீலக்கல்லைக் கூழாங்கல் விலைக்குச் சொன்னால் யார் நம்புவார்? எனவே முதலில் மூன்று படத்தைக் கடிகாரம் பார்த்து வரைந்து, எத்தனை மணி நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். மணிக்கு இன்ன கூலி என்று முடிவு செய்து பெருக்கினால் விலை வந்துவிடும். அது கூடுதலாகத் தோன்றினால் விலையைக் குறைக்க வேண்டாம், படத்தை எளிதாக்குக. பின்னணியை விட்டுவிடலாம், வர்ணத்துக்குப் பதில் ஒரே மையில் தீட்டலாம்.

ஜெர்மன் தேசத்து அல்பிரெக்ட் டியூரரே இதில் அல்லற்பட்டார். பிராங்க்போர்ட் நகர வணிகர் யாக்கோப் ஹெல்லருக்கு ஒரு திருப்பீடப் படம் வரைய 130 காசுக்கு ஒத்துக்கொண்டார். வேலை நீண்டது, 200 காசு வேண்டுமென்றார், வணிகர் சினந்தார், கடிதங்கள் பறந்தன. 1509இல் படத்தை அனுப்பியபோது, இத்தகைய நுணுக்க வேலையால் வயிறு நிரம்பாது, சாதாரணப் படங்களாயின் ஓராண்டில் ஒரு குவியல் வரைந்திருப்பேன், இனிச் செதுக்குச் சித்திர அச்சு வேலையையே பார்க்கப்போகிறேன் என்ற கருத்துப்பட எழுதினார். அவ்வளவு பாடுபட்ட அந்த நடுப்படம் 1729இல் மியூனிக் நகரில் தீக்கிரையாயிற்று. ஒரு பிரதி மாத்திரம் இருக்கிறது. தொடக்கத்திலேயே நேரத்தைக் கணக்கிடாமையால் விளைந்த கசப்பு அது. விலையை இடையில் உயர்த்துவது வாங்குவோருக்குப் பெரும் வெறுப்பைத் தரும். உயர்த்துவதாயின் அடுத்து வருபவருக்கு உயர்த்துக. ஒத்துக்கொண்டவருக்கு ஒத்துக்கொண்ட விலையே.

வேலை தொடங்கியபின் மௌனமாக இருப்பது கூடாது. பென்சில் கோட்டை ஒருநாள் அனுப்புக, "கண்ணும் நெற்றியும் சரியாக இருக்கின்றனவா, அம்மா?" என்று கேட்டு எழுதுக. வர்ணம் பாதியானதும் மீண்டும் அனுப்புக. மழையால் மின்சாரம் நின்று இரண்டு நாள் பிந்தினால், பிந்தும் என்பதை முன்னரே அறிவிக்க வேண்டும். பிந்திய பின் அறிவிப்பது சாட்டுப்போலத் தோன்றும். சட்டகத்திற் போட விரும்புவோர்க்கு ஏ-நான்கு தாள் அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், அஃதாவது 2480க்கு 3508 புள்ளி கொண்ட கோப்பாக அனுப்புக. வாட்ஸ்அப் வழியே சாதாரணமாக அனுப்பினாற் படம் சுருங்கிவிடும்; ஆவணமாகவே இணைக்க வேண்டும். படம் கிடைத்து மகிழ்ந்தவரிடம் இரண்டு வரி எழுதித் தருமாறு கேட்பதிலும் பிழையில்லை. ஒரு வாடிக்கைக்காரர் எழுதிய இரண்டு வரி, ஓவியர் தம்மைப்பற்றி எழுதும் இருபது வரிக்கு மேல்.

இயந்திரம் வரையும் படங்களைப் பற்றிப் பலரும் கவலையுறுகின்றனர். 2022இல் மிட்ஜேர்னி, ஸ்டேபிள் டிஃபியூஷன் ஆகியவை வெளிவந்தபின், சொல்லைக் கொடுத்தாற் படத்தைக் கொடுக்கும் கருவி எல்லோர் கைக்கும் எட்டிவிட்டது. அவ்வாண்டு டிசம்பரில் ஆர்ட்ஸ்டேஷன் தளத்து ஓவியர்கள் தத்தம் பக்கங்களை எதிர்ப்புப் படங்களால் நிரப்பினர். மலிவான, பொதுவான படங்களுக்கு இருந்த கிராக்கி இதனாற் குறைந்துவிடும் என்று அஞ்சுவதில் நியாயம் உண்டு. வாங்குவோருக்கும் புதிய ஐயம் ஒன்று சேர்ந்துவிட்டது: "இவர் தாமே வரைகிறாரா?" என்பது அது. இதற்கு விடை எளிது. ஐபிஸ் பெயின்ற் செயலி, முதற்கோடு தொட்டு முடிவு வரை வரைந்த விதத்தைத் தானே காணொளியாகப் பதிந்து வைக்கிறது. அதனைப் படத்தோடு சேர்த்துக் காட்டலாம். காகிதத்தில் வரைபவர் கையும் தாளும் தெரிய நான்கு நிலைகளிற் புகைப்படம் எடுத்து வைக்கலாம். வெறும் படத்தைவிட, படம் பிறக்கும் காட்சியைப் பார்ப்பதிலேதான் மக்களுக்கு ஆவல் மிகுதி.

பணம் பெறும் வழியையும் மோசடியையும் பற்றிப் பெற்றோர் அறிந்திருத்தல் அவசியம். பேபால் வழியே பணம் பெறும் வசதி இலங்கையில் வாழ்வோருக்கு நெடுங்காலம் இருக்கவில்லை. அதனாற் பேயோனியர் வழியாகவும், வங்கிக்கு நேரே அனுப்பச் செய்தும், உறவினர் மூலமாகவும் நம்மவர் பெற்று வந்தனர். எவ்வழியாயினும், பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையின் ஓடர்ப் பணம் தாய் தந்தையர் அறிய வருவதே முறை. ஒரு வகை ஏமாற்று மிகப் பரவலானது. "உங்கள் படம் மிக அழகு, என் மகனின் பிறந்த நாளுக்கு வேண்டும், விலை எவ்வளவாயினும் சரி" என்று ஒருவர் எழுதுவார். பேரம் பேசமாட்டார். பின்னர், "தவறுதலாகக் கூடுதல் பணம் அனுப்பிவிட்டேன், மீதியை இன்னாருக்கு அனுப்பிவிடுங்கள்" என்பார். வங்கியிலிருந்து வந்ததுபோல ஒரு போலிக் கடிதமும் வரும். உண்மையில் ஒரு சதமும் வந்திராது. கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணைக் கேட்பவரும், "உங்கள் வங்கிக் கணக்கைச் சில நாள் பயன்படுத்தத் தாருங்கள், பங்கு தருகிறேன்" என்பவரும் இந்த இனத்தவரே. மேலே சொன்ன ரூசோ இத்தகைய வலையில் விழுந்தவர். வங்கி எழுத்தர் ஒருவரின் சொற்கேட்டுப் பொய்ப் பெயரிற் கணக்குத் திறந்து, 1907இற் கைதாகி, 1909இற் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டார். தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டமையாற் சிறைவாசம் நீளவில்லை. பாம்பாட்டிப் படத்தை வரைந்த அதே ஆண்டிலேதான் இதுவும் நிகழ்ந்தது.

மாணவராயிருப்போர் ஒரே சமயத்தில் மூன்று ஓடருக்கு மேல் ஏற்பது தகாது. "இப்போது மூன்று இடம் உண்டு" என்று பக்கத்தில் எழுதி, நிரம்பியதும் "இடம் இல்லை" என்று மாற்றிவிடுவதே இணையத்து ஓவியரின் வழக்கம். இடம் இல்லை என்ற பலகையைக் கண்டவர், அடுத்த முறைக்குப் பெயரைக் குறித்து வைக்குமாறு கேட்பதும் உண்டு. சாதாரண தரப் பரீட்சையும் உயர் தரப் பரீட்சையும் நெருங்கும்போது முற்றாகவே மூடிவிடலாம். "பரீட்சை காரணமாக இன்ன திகதிவரை ஓடர் ஏற்பதில்லை" என்று காரணத்தையும் திகதியையும் சேர்த்தே எழுதுக. திகதி வந்ததும், காத்திருப்போருக்கு முதலில் அறிவித்துவிட்டு, அதன் பின்னரே பிறருக்குத் திறக்க வேண்டும்.